மறுமொழி: ஜவ்வரிசி வடாம் விரிசல் விடுவது பற்றி
வணக்கம். மொட்டை மாடியில் இட்ட ஜவ்வரிசி வடாம் முதல் நாளே விரிசல் விட்டதாகவும், பொரித்தால் நடுவில் கடுக்கென்று இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கூழ் முழுமையாக வேகாததே காரணம் என்று நினைக்கிறேன். முந்தைய இரவே ஊறவைத்த ஜவ்வரிசியை, ஒவ்வொரு மணியின் நடுவிலும் தெரியும் வெள்ளைப் புள்ளி மறைந்து கண்ணாடிபோல் ஆகும் வரை, அடிபிடிக்காமல் கிளறி வேகவிடுங்கள். இந்த இடத்தில் மட்டும் அவசரமே கூடாது. உப்பைச் சற்றுக் குறைத்தே சேருங்கள், காய்ந்து சுருங்கியதும் அது தூக்கலாகத் தெரியும். ஈரத்துணியில் காலை 8 மணிக்குள் இட்டுவிட்டால், மேல்புறம் நன்றாகக் காய்ந்தபின் துணியைத் திருப்பிப் பின்புறம் தண்ணீர் தெளித்ததும் வடாம் உடையாமல் உரிந்து வரும். பிறகு தட்டில் பரப்பி, ஒடித்தால் படக்கென்று முறியும் வரை மேலும் 2 நாள் சித்திரை வெயிலில் காயவையுங்கள்.