செய்தி ஊடகத்தின் சாய்வு அமெரிக்கர்களின் எண்ணத்தை எப்படி மாற்றுகிறது?

இரண்டு படக்குறிப்புகளைப் பார்த்தாலே புரியும். 2005 ஆகஸ்டில் கத்ரினா புயலில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நகரமான நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியது. மார்பளவு தண்ணீரில் பொருள்களோடு வந்த கறுப்பின இளைஞர் மளிகைக் கடையைச் 'சூறையாடியதாக' ஒரு குறிப்பு. அதே கோலத்தில் வந்த வெள்ளையர் இருவருக்கோ ரொட்டியும் சோடாவும் 'கிடைத்ததாக' இன்னொன்று. படமெடுத்தவர்கள் வெவ்வேறு நிறுவனத்தார். கண்டதைத்தான் எழுதினோம் என்றார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் பார்ப்பவர் மனதில் தைப்பது அந்த ஒற்றைச் சொல்தான்.

அப்புறம், அந்நகரின் சூப்பர்டோம் விளையாட்டரங்கில் மக்கள் தஞ்சம் புகுந்தபோது கொலை, பாலியல் வன்முறை என்று வதந்திகளெல்லாம் செய்தியாயின. பெரும்பாலானவை பின்னர் உறுதியாகவில்லை. அதற்குள் லூசியானா ஆளுநர் பிளாங்கோ, வரும் படையினருக்குச் சுடவும் கொல்லவும் தெரியும் என்று எச்சரித்துவிட்டார். அங்கே குடிதண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினத்தவர்.