ஸ்காலப் சிப்பி தாங்குமா? ஜார்ஜஸ் பேங்க் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் இருக்கும் கடல்மேடு ஜார்ஜஸ் பேங்க். அங்கே கடலில் தானாக வளரும் ஸ்காலப் சிப்பியின் பிடிப்பு நீடித்து நிற்குமா என்று பலரும் கேட்டிருந்தீர்கள்.

அக்கா, வருஷா வருஷம் நிறையப் பிடிபட்டால் சிப்பி நன்றாகத்தான் இருக்கிறது என்று அர்த்தமில்லையா?

இல்லை. எடை போட்டது கரைக்கு வந்த சிப்பியை. நமக்குத் தெரிய வேண்டியது கடலடியில் மிச்சம் இருப்பது. ஓட்டைப் படபடவென்று அடித்துக் கொஞ்ச தூரம் நீந்தும் என்றாலும், ஸ்காலப் பெரும்பாலும் விழுந்த திட்டிலேயே கிடக்கும். படகுகள் ஒரு திட்டை வழித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். கடைசித் திட்டு தீரும்வரை எடை குறையாது. அதனால் நான் முதலில் கேட்பது, வந்த சிப்பிக்கு என்ன வயது என்பதைத்தான்.

வயது எப்படித் தெரியும்?

ஓட்டில் வருஷத்துக்கு ஒரு வளையம் விழும். டிரெட்ஜ், அதாவது கடலடியை வழிக்கும் இரும்புச் சட்டமும் வளையப் பையும், இடித்த வடுவும் வளையம் மாதிரியே இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது. 2 வயதிலேயே முட்டை விடத் தொடங்கினாலும், பெரும்பங்கு 4 வயதுக்கு மேல்தான். 3 வயதிலிருந்து 5 வயதுக்குள் சதையின் எடை சுமார் 4 மடங்காகிவிடும். 3 வயதில் அள்ளினால் சதையும் நட்டம், குஞ்சும் நட்டம்.

கடலடியில் கிடப்பதை யார் எண்ணுகிறார்கள்?

ஆய்வுக் கப்பல்கள் டிரெட்ஜ் இழுத்து எண்ணுவது பழைய வழக்கம். ஆனால் டிரெட்ஜ் தன் பாதையில் கிடக்கும் எல்லாவற்றையும் வாரிவிடாது. அதனால் 1999 முதல் மாசசூசெட்ஸ் டார்ட்மவுத் பல்கலைக்கழகத்தினர் பிரமிடு வடிவ இரும்புச் சட்டத்தில் கேமராவைக் கட்டி இறக்கி, தரையில் நிறுத்தி எண்ணுகிறார்கள். உயிரோடு இருப்பதை மட்டுமல்ல, செத்ததையும் எண்ண வேண்டும். கீல் விடாமல் இரண்டு ஓடும் வாய் பிளந்து, உள்ளே சதையில்லாமல் கிடந்தால், அது சமீபத்தில், பெரும்பாலும் தானாகச் செத்தது. அந்தக் காலி ஓடுகள் கூடினால் பிடிப்பைக் குறைத்தால் மட்டும் போதாது. நோயோ, நட்சத்திர மீனோ, சூடேறிய நீரோ என்று தேட வேண்டும். என்னைக் கேட்டால், இந்த எண்ணிக்கை இல்லாத மதிப்பீட்டை நான் நம்ப மாட்டேன்.

பகுதியை மூடி வைத்தால் பெருகுமா?

1994 டிசம்பரில் காட், ஹாடக் போன்ற மீன்களைக் காப்பாற்றத்தான் பெரிய பகுதிகளை மூடினார்கள். பெருகியது ஸ்காலப். 1998இல் உள்ளே இருந்த சிப்பியின் எடை 14 மடங்காகியிருந்தது. 1999இல் ஒரு பகுதியைத் திறந்தார்கள். 2004 முதல் குஞ்சு நிறைந்த இடத்தை மூடுவது, வளர்ந்த பிறகு திறப்பது என்று சுழற்சி முறையே வந்துவிட்டது. ஆனால் மூடினால் மட்டும் குஞ்சு வராது. நீரில் ஒரு மாதத்துக்கும் மேல் மிதக்கும் இளங்குஞ்சு அங்கே வந்து இறங்க வேண்டும். அது நீரோட்டத்தின் கையில்.

டிரெட்ஜ் கடலடியை நாசம் பண்ணாதா?

பண்ணும். அலையும் ஓதமும் புரட்டும் மணல் தரை சீக்கிரம் தேறும். பஞ்சுயிரிகள் ஒட்டிய சரளைத் தரைக்கு வருஷக்கணக்காகும். சரளையை மூடியே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. பை வளையத்தை 4 அங்குலமாக்கியதால் சின்னச் சிப்பிகளில் நிறைய நழுவிப் போகும். சிப்பி அடர்த்தியாகக் கிடக்கும் இடத்தில் பிடித்தால் இழுக்கும் நேரமே குறையும். கூடவே மாட்டும் மஞ்சள்வால் தட்டைமீனுக்கும் அது நல்லது.

பாக்கெட்டில் ‘யூ-10’ என்று போட்டிருக்கிறதே?

ஒரு பவுண்டுக்கு 10க்கும் குறைவு, அதாவது பெரிய சதை. 20-30 என்றால் சிறியது. சிறியதெல்லாம் இளசு என்று சொல்ல முடியாது. ஆழத்தில் வளர்ச்சி மந்தம். ஆனால் ஒரே இடத்துச் சரக்கு வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டே வந்தால், எந்தப் பகுதியில் பிடித்தது, அந்தப் பகுதியைக் கடைசியாக எப்போது மூடினார்கள் என்று கேளுங்கள்.