பரணில் இருந்த அண்டா

அன்புள்ள அக்கா,

திருச்சியில் இரண்டு படுக்கையறை வீடு எங்களுடையது. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். வேலை முடிந்து ஆறரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால் எங்கு பார்த்தாலும் சாமான். உட்கார்ந்தாலும் கண் அதன்மேல்தான் போகும். வீடு ஒழுங்குபடுத்தும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஒரு வேகம் வந்தது. போன மாதம் அத்தை நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்த பத்து நாளில் சமையலறைப் பரணைக் காலி செய்தேன். பித்தளை அண்டா, தவலை, இரண்டு குடம், ஒரு மூட்டை எவர்சில்வர். எல்லாம் வருடக்கணக்கில் தொடாதவை. பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். என் கல்லூரி நோட்டுகள் இருந்த அட்டைப்பெட்டியை மட்டும் திரும்ப மேலே வைத்தேன், அதைப் போட மனம் வரவில்லை.

அத்தை வந்து பரணைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை என்னோடு சரியாகப் பேசவும் இல்லை. பரண் சுத்தமாக இருக்கிறது, வீட்டில் நிம்மதி இல்லை. நான் செய்தது தவறா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

இதைப் படித்ததும் முதலில் அந்தப் பாத்திரக் கடைக்குப் போங்கள். மற்றதை வந்து படிக்கலாம். எடைக்கு வாங்கிய பித்தளையை எல்லாக் கடைக்காரர்களும் உடனே உருக்க அனுப்பிவிடுவதில்லை. ஓரளவு சேரட்டும் என்று வைத்திருப்பார்கள். நல்ல அண்டாவாக இருந்தால் தனியே எடுத்து வைத்து விற்பதும் உண்டு. உங்களுக்குக் கொடுத்ததைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். கொடுத்து வாங்கிவிடுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன், தவறுதான். ஆனால் உங்கள் களைப்பு உண்மையானது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 32 குடும்பங்களை 2001 முதல் 2005 வரை ஆய்வாளர்கள் வீட்டுக்குள்ளேயே போய்க் கவனித்தார்கள். 2010இல் வந்த அதன் ஒரு பகுதியில், தங்கள் வீட்டைப் பற்றிப் பேசும்போது அடைசலையும் முடியாத வேலைகளையும் அதிகம் சொன்ன பெண்களுக்கு, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் பொழுது சாயச் சாய இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை என்று தெரிந்தது. கணவர்களிடம் இந்தத் தொடர்பு அவ்வளவாகத் தென்படவில்லை. ஆறரை மணிக்கு உங்களை அழுத்துவதை உங்கள் கணவர் உணராமல் இருந்தால், காரணம் நீங்கள் மிகைப்படுத்துவது அல்ல.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஆறரை மணிக்கு உங்கள் கண்ணில் பட்டது பரண் இல்லை. சாப்பாட்டு மேசையில் கிடக்கும் சார்ஜர் வயர்கள், ஹோட்டல் பார்சலோடு வந்து சேர்ந்த பிளாஸ்டிக் டப்பாக்கள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், சோபாவில் மலைபோல் குவிந்த மடிக்காத துணி, இவைதான். இதெல்லாம் உங்களுடையது, உங்கள் கணவருடையது, பிள்ளைகளுடையது. கண்ணில் படுவதை விட்டுவிட்டு, ஊரில் இல்லாத ஒருவருடைய பொருளில் கை வைத்திருக்கிறீர்கள்.

அந்தப் பாத்திரங்களின் விளிம்பைப் பார்த்தீர்களா? அநேகமாகப் பெயர் வெட்டியிருக்கும். அப்பாவின் முதலெழுத்து, அத்தையின் பெயர், சிலவற்றில் கல்யாணத் தேதிகூட இருக்கும். உங்கள் அத்தையின் தலைமுறையில் வீடும் நிலமும் பெரும்பாலும் ஆண்கள் பெயரில்தான் இருந்தன. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டுக்கு 1989இல்தான் வந்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆகிப் போனவர்களுக்கு அதிலும் பங்கு இல்லை. 2005இல் மத்தியச் சட்டத்தைத் திருத்தும்வரை அப்படித்தான். உங்கள் அத்தை 1989க்கு முன் கல்யாணம் ஆனவராகவே இருப்பார் என்று நினைக்கிறேன். பிறந்த வீட்டிலிருந்து அவருக்கு வந்தது சீர் மட்டும்தான். நகை வேண்டுமானால் யாருக்காவது கைமாறிப் போயிருக்கும். மிச்சம் இந்த அண்டாவும் தவலையும். அவர் பெயர் எழுதியிருந்த சொத்து உங்கள் வீட்டில் அது ஒன்றுதான் என்றால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் அம்மாவின் பித்தளை அண்டா மூன்று முறை அடகுக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தது. அண்ணனின் பரீட்சைப் பணத்துக்கு ஒரு முறை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதபோது ஒரு முறை. மூன்றாவது எதற்கென்று அம்மா கடைசிவரை சொல்லவில்லை. மீட்டு வந்த அன்று புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பார். அதில் சமைத்து நான் பார்த்ததே இல்லை. சமையலுக்கென்று அதை வைத்திருக்கவில்லை, சேமிப்புக் கணக்கு மாதிரி வைத்திருந்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுபது, எண்பதுகளில் பித்தளையை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்குவது வீடுதோறும் நடந்தது. புளி போட்டு விளக்கிக் கை ஓய்ந்துபோன பெண்களுக்கு அது பெரிய விடுதலை. ஈயம் பூச ஆள் தேட வேண்டாம், புளிப்பு பட்டால் களிம்பு ஏறுமே என்ற பயமும் வேண்டாம். உங்கள் அத்தையும் பலவற்றை அப்போதே போட்டிருப்பார். அதற்கும் தப்பி மிஞ்சியவைதான் உங்கள் பரணில் இருந்தவை. அதாவது எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அவர் முன்பே ஒரு முறை முடிவு செய்துவிட்டார். நீங்கள் ஒழுங்குபடுத்தியது ஏற்கெனவே ஒழுங்குபடுத்திய பரணை.

எதையுமே விடாமல் சேர்த்து, நடக்க வழியில்லாமல் போகும் வீடுகளும் உண்டு. அது வேறு. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் அதைத் தனி நோயாகவே சேர்த்தார்கள். அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஒரு பரணில் நான்கு பித்தளைப் பாத்திரமும் ஒரு மூட்டை எவர்சில்வரும் வைத்திருப்பவருக்கு அந்தப் பெயரை யாராவது சூட்டினால் விடாதீர்கள்.

இனிமேல் எப்படிச் செய்யலாம் என்றும் கேட்பீர்கள். ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருந்த என் அண்ணன் சொன்ன ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேலை செய்யும் இடத்தை ஒழுங்காக வைக்க ஜப்பான்காரர்கள் வகுத்த ஐந்து எஸ் முறையில் முதல் வேலை, வேண்டியதையும் வேண்டாததையும் பிரிப்பது. சந்தேகமான பொருளில் தேதி போட்டு ஒரு சிவப்பு அட்டை கட்டி, தனி இடத்தில் வைத்துவிடுவார்கள். உடனே தூக்கிப் போட மாட்டார்கள். அது எந்தப் பிரிவுக்குச் சொந்தமோ அந்தப் பிரிவுக்காரர் வந்து வேண்டும், வேண்டாம் என்று சொல்லக் கெடு இருக்கும். ஆயிரம் பேர் வேலை செய்கிற இடத்திலேயே அடுத்தவர் பொருளுக்கு இந்த மரியாதை இருக்கிறது. வீட்டிலும் அப்படிச் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு அலமாரி. அட்டையை அவரவர் பொருளுக்கு அவரவரே கட்டட்டும். கணவரின் மேசையிலும் பிள்ளைகளின் அலமாரியிலும் தொடங்குங்கள். அத்தையின் பக்கம் அவராகக் கூப்பிட்டால் மட்டும் போங்கள்.

அத்தையிடம் மன்னிப்புக் கேட்கும்போது வீட்டில் இடம் இல்லை, தூசி, பூச்சி என்று எதையும் சேர்க்க வேண்டாம். "உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன் அத்தை" என்பது போதும். அண்டா திரும்பக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இதைச் சொல்ல வேண்டும். உடனே பேசிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம் அந்த அட்டைப்பெட்டி. கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், நான் அந்த வரியை இரண்டு மூன்று முறை படித்தேன். அதைக் கீழே இறக்கி அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பிரியுங்கள். அது என்ன நோட்டு, ஏன் அதைப் போட முடியவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா