சட்டக் காந்தத்தை நடுவில் உடைத்தால் வட துருவமும் தென் துருவமும் தனித்தனியாகப் பிரியுமா?

பிரியாது. எத்தனை துண்டாக உடைத்தாலும் ஒவ்வொரு துண்டிலும் ஒரு வட துருவமும் ஒரு தென் துருவமும் இருக்கும்.

போன மாதம் இதே கேள்வியோடு என் தங்கச்சி மகள் பட்டறைக்கு வந்தாள். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் வல்லங்களுக்கு எஞ்சின் வேலை பார்க்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை, ‘பிரியாது’ என்று படித்திருந்தாள், ஆனால் மனசு ஒப்பவில்லை. “ஒரு பக்கம் வடக்கு, ஒரு பக்கம் தெற்குன்னா, நடுவுல வெட்டுனா தனித்தனியாத்தானே மாமா வரணும்?” நியாயமான கேள்விதான். வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டினேன்.

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வளையக் காந்தம் ஒன்று, ஒரு ஆக்ஸா பிளேடு. (வளையக் காந்தத்தின் துருவங்கள் அதன் இரண்டு தட்டை முகங்களில் இருக்கும். விளிம்பில் தேடிப் பலர் ஏமாறுவார்கள்.) காந்தத்தின் ஒரு முகத்தைப் பிளேடின் மேல் ஒரே திசையில் இழுத்து, கடைசியில் தூக்கி, மறுபடி ஆரம்பத்திலிருந்து இழுக்க வேண்டும். முப்பது தடவை இழுத்தால் போதும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் காரியம் கெட்டுவிடும். அப்புறம் கரையிலிருந்து அவள் அள்ளி வந்த, இரும்புத்தாது கலந்த கருமணலில் பிளேடைப் புரட்டினோம். இரண்டு முனையிலும் தாடி முளைத்த மாதிரி மணல் குச்சிகுச்சியாக நின்றது. நடுவில் ஒரு மணிகூட ஒட்டவில்லை.

பிளேடைத் துடைத்து, துணி சுற்றி, படக்கென்று ஒடித்தேன். (துணி இல்லாமல் ஒடிக்காதீர்கள், சில்லு கண்ணுக்குத் தெறிக்கும்.) சற்று முன் வழுக்கையாக இருந்த அந்த நடுப்பகுதிதான் இப்போது உடைந்த முனை. அதை மணலில் வைத்ததும் அங்கேயும் தாடி! அவள் வாங்கி இன்னும் ஒரு முறை ஒடித்துப் பார்த்தாள், அப்போதும் அதே கதை. உடைந்த முனைகளை முன்பிருந்தபடியே பொருத்தி வைத்தால் ஒட்டுவாயில் இருந்த மணலில் பெரும்பகுதி கொட்டிவிடுகிறது.

ஏன் என்பதற்கு அவளிடம் சூடை மீன் கூட்டத்தைச் சொன்னேன். கூட்டம் முழுக்க ஒரே திசை பார்த்து நீந்துகிறது என்று வையுங்கள். முன்வரிசையில் தலைகள், பின்வரிசையில் வால்கள். நடுவில் ஒரு மீனின் வாலை அடுத்த மீனின் தலை மறைத்துவிடும். வலையைக் குறுக்கே விட்டுக் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தால் ஒரு பாதி தலையும் மறுபாதி வாலுமா ஆகும்? ஒவ்வொரு பாதியிலும் முன்னால் தலை, பின்னால் வால். இரும்பின் ஒவ்வொரு அணுவும் அப்படி ஒரு குட்டிக் காந்தம்தான். சாதாரண இரும்பில் அவை கூட்டம் கூட்டமாக ஆளுக்கொரு திசை பார்த்து நிற்பதால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. நாம் தேய்க்கும்போது பெரும்பாலானவை ஒரே பக்கம் திரும்பிவிடுகின்றன. சுத்தியலால் ஓங்கி அடித்தாலும் நன்றாகச் சூடாக்கினாலும் மறுபடி கலையும். 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரும்பில் அந்த ஒழுங்கு அடியோடு போய்விடும்.

மீனையாவது தலை தனி, வால் தனி என்று அரியலாம். அணுவைக் குட்டிக் காந்தமாக்கும் எலக்ட்ரானை அப்படி அரிய வழியில்லை, அதற்கே இரண்டு துருவமும் உண்டு. ஒற்றைத் துருவம் இருக்கக்கூடும் என்று 1931-இல் இயற்பியலாளர் பால் டிராக் கணக்குப் போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு எவ்வளவோ தேடியும் உறுதியாக ஒன்றும் அகப்படவில்லை. காந்தக்கல்லை உடைத்தால் இரண்டு பாதியும் முழுக் காந்தமாவதை 1269-லேயே பெத்ருஸ் பெரெக்ரினுஸ் என்பவர் ஒரு கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

இரண்டு துருவமும் சமபலம் என்பதற்கு இன்னொரு சோதனை. பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர் ஊற்றி, தெர்மாகோல் துண்டின் மேல் அந்தப் பிளேடை மிதக்க விடுங்கள். திரும்பி வடக்கு தெற்காக நிற்கும், அவ்வளவுதான். வடக்கு ஓரத்தை நோக்கி நகராது. பூமி ஒரு முனையை வடக்கே இழுக்கும் அதே அளவு மறுமுனையைத் தெற்கே இழுக்கிறது. வடக்கே திரும்பும் முனையைத்தான் வட துருவம் என்கிறோம். எதிரெதிர் துருவம்தானே ஈர்க்கும்? அப்படியென்றால் பூமியின் வடக்குப் பக்கம் இருப்பது காந்தக் கணக்கில் தென் துருவம். இதில் குழம்பாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

நம் கரையில் காம்பஸ் முள் கிட்டத்தட்டப் படுக்கையாகவே நிற்கும். காந்த நடுக்கோடு (முள் எந்தப் பக்கமும் சாயாமல் படுக்கையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு) தென் தமிழ்நாட்டையும் கேரளத்தின் தென்முனையையும் ஒட்டிப் போவதுதான் காரணம். 1963-இல் முதல் ராக்கெட் ஏவிய தும்பாவை (திருவனந்தபுரம் பக்கம்) ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். லண்டனில் முள்ளைத் தாராளமாக அசையவிட்டால் 60 பாகைக்கு மேல் தலைகுனியும்.

‘ஒத்த துருவங்கள் விலக்கும்’ என்பதோடு ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒன்று வலுவான காந்தம், மற்றது நோஞ்சான் என்றால், வலுத்தது இளைத்ததன் துருவத்தையே மாற்றிவிடும். இருபது வருஷத்துக்கு முன் அப்பாவோடு வல்லத்தில் போய்க்கொண்டிருந்தேன். காம்பஸ் இருந்த பெட்டியிலேயே ஒரு ஸ்பீக்கர் காந்தத்தையும் இரண்டு நாள் போட்டு வைத்திருந்தேன். போகும்போது காம்பஸை எடுக்கவே இல்லை. வடகடலில் வலை வாங்கிவிட்டுத் திரும்பும் இரவில் எடுத்துப் பார்த்தால், சிவப்பு முள் ராமேஸ்வரம் டிவி டவரின் சிவப்பு விளக்கையே காட்டுகிறது. 323 மீட்டர் டவர், அது எங்களுக்குத் தெற்கே அல்லவா இருக்க வேண்டும்? அப்பா முள்ளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “டேய், துருவ நட்சத்திரம் அந்தா நிக்கிது. முள்ளு தலைகீழா நிக்கிதுடா” என்றார். நம் ஊரில் அது கடல்மட்டத்திலிருந்து ஒரு முஷ்டி உயரத்தில்தான் தெரியும், மேகம் இருந்தால் அதுவும் இல்லை. அன்றைக்கு மேகம் இல்லை. எல்லை பக்கத்திலேயே இருக்கிற கடலில் திசை பிசகினால் என்ன ஆகும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்கும்.

அந்தக் காம்பஸை மறுநாள் அதே ஸ்பீக்கர் காந்தத்தால் தேய்த்துச் சரிசெய்தேன். இப்போது ஜிபிஎஸ் இருந்தாலும் பேட்டரி போனால் காம்பஸ்தான். காந்தம் வைத்த மொபைல் ஸ்டாண்ட், ஸ்பீக்கர் எதையும் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். தூரத்தை இரட்டிப்பாக்கினால் காந்தத்தின் பாதிப்பு ஏறக்குறைய எட்டில் ஒன்றாகக் குறையும், அதனால் இரண்டு முழம் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் போதும். கடலுக்குக் கிளம்பும் முன் கரையில் நின்று, தெரிந்த ஒரு திசையோடு முள்ளை ஒருதரம் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.