பையனின் எடைக்கு ஊசி போடலாமா? குடியாத்தம் சகோதரிக்குப் பதில்

பையனுக்கு 15 வயது, 168 செ.மீ., 112 கிலோ, எடை குறைக்கும் ஊசி போடலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. ஏறத்தாழ 39.7. இது கடுமையான உடல்பருமன். மருந்து பற்றிப் பேச வேண்டிய நிலைதான், அவன் சோம்பேறி என்று திட்டுவதால் குறையாது. ஆனால் மருந்துக்கடைக்காரர் சொன்னார் என்று ஊசி வாங்காதீர்கள்.

முதலில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கல்லீரல், கொழுப்பு, தைராய்டு பரிசோதனைகள், ரத்த அழுத்தம். குறட்டை விட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் நாளமில்லாச் சுரப்பித் துறை (ஹார்மோன் கோளாறுகளைப் பார்க்கும் எண்டோகிரைனாலஜி) இருக்கிறது.

எடை குறைக்கும் ஊசியான செமாகுளூடைடை 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு அமெரிக்கா 2022-இல் அனுமதித்தது. வாரம் ஒரு ஊசி. 0.25 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7, 2.4 என்று ஏற்றுவார்கள். அவசரப்பட்டு ஏற்றினால்தான் வாந்தி அதிகமாகும். வயிறு மெதுவாகக் காலியாவதால், ஊசி போடும் காலத்தில் பிரியாணி, பொரித்த அயிட்டம் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக முட்டை, பருப்பு, சுண்டல் கொடுங்கள். விடாத வயிற்றுவலி முதுகுக்குப் பரவினால் கணைய அழற்சியாக இருக்கலாம், உடனே மருத்துவமனை. குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த மருந்தே கூடாது.

திறக்காத ஊசிப் பேனாவை (மருந்து நிரப்பிய ஊசிக் கருவி) ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், ஃப்ரீசரை ஒட்டி வேண்டாம், உறைந்தால் வீண். அக்னி நட்சத்திர வெயிலில் பைக் பெட்டியில் கொண்டுவராதீர்கள்.

கொழுப்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும் ஆர்லிஸ்டாட் மாத்திரையில் பலன் குறைவு, எண்ணெய்ப் பேதியால் பள்ளியில் அவன் கூசிப்போவான். மெட்ஃபார்மின் மாத்திரை சர்க்கரை நோய் இருந்தால் உதவும், எடைக்கு மட்டும் பெரிதாக உதவாது. தைராய்டு சரியாக இருக்கும்போது எடைக்காகத் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை கொடுப்பது ஆபத்து.

ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும். எத்தனை காலம், மாதச் செலவு எவ்வளவு என்று தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.