1967-ஆ, 1986-ஆ? இரண்டும் ஒரே லாட்வியப் படம்தான்

'ஆழமாக மூச்சுவிடுங்கள்' (1967), 'நான்கு வெள்ளைச் சட்டைகள்' (1986) இரண்டும் வேறு வேறு படங்களா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றேதான். ரீகா ஸ்டுடியோவுக்காக ரோலண்ட்ஸ் கல்னின்ஷ் 1967இல் எடுத்தார். சோவியத் தணிக்கை முடக்கியதால் 1986இல்தான் பொதுத் திரைக்கு வந்தது. கதையும் அதேதான்: பகலில் தொலைபேசி பொருத்தும் இளைஞன் எழுதிய பாடல்கள்மேல் ஒரு பெண் அதிகாரி குற்றம் சொல்ல, விசாரணை தொடங்குகிறது. கதையின் நாயகன் பெயரும் கல்னின்ஷ், இசையமைப்பாளர் இமன்ட்ஸும் கல்னின்ஷ், பெயர்ப்பட்டியலில் குழம்பிவிடாதீர்கள்.

ஆங்கிலப் பெயரில் தேடினால் அரைகுறையாகத்தான் சிக்கும். லாட்வியத் தலைப்பை (Četri balti krekli) மேற்குறிகளோடு நகலெடுத்து ஒட்டித் தேடுங்கள். 2018இல் கான் விழாவின் செவ்வியல் பிரிவில் திரையிட்ட, புதுப்பித்த பிரதி இருந்தால் அதையே எடுங்கள். சோவியத் காலப் படங்களுக்கு ரஷ்ய டப்பிங்கும் உலவும். இதில் பாட்டுதான் உயிர் என்பதால் லாட்விய ஒலி, வசன வரிகள் இரண்டையும் சரிபார்த்துவிட்டே பாருங்கள்.

அடுத்துப் பார்க்க, யூரிஸ் போட்னியெக்ஸின் ஆவணப்படம் 'இளைஞனாக இருப்பது எளிதா?' (1986). அதற்கும் முன் பத்து நிமிடம் இருந்தால், ஹெர்ட்ஸ் ஃப்ராங்க் 1978இல் எடுத்த குறும்படம் (ஆங்கிலத்தில் Ten Minutes Older): நாடகம் பார்க்கும் ஒரு குழந்தையின் முகம், வெட்டே இல்லாத ஒரே ஷாட். கேமரா அதே போட்னியெக்ஸ்.