பால் பாக்கெட்டைக் கழுவும் அம்மா

கேள்வி: 2021 மே மாதம் என் அப்பா கொரோனாவில் இறந்துவிட்டார். அம்மாவுக்கு இப்போது 66 வயது, கும்பகோணத்தில் என்னோடு இருக்கிறார். இன்றைக்கும் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறார், காய்கறியை மஞ்சள் தண்ணீரில் ஊறவைக்கிறார். கல்யாணம், கோயில் எதற்கும் வருவதில்லை. "ஊரே மறந்தாச்சு, நீங்க மட்டும் ஏன்?" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்கிறார்கள். நானும் சில நேரம் கத்திவிடுகிறேன். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பால் பாக்கெட், காய்கறி, கல்யாணம் என்று எல்லாவற்றையும் எழுதிய நீங்கள் அப்பாவைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரியில்தான் விஷயம் இருப்பதாகத் தோன்றுகிறது.

அந்த மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். 10-ம் தேதி ஊரடங்கு தொடங்கியது. 24-ம் தேதியிலிருந்து மளிகைக் கடைகூடக் கிடையாது, காய்கறி வண்டியில் தெருவுக்கு வந்தது. இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடாது. ஆஸ்பத்திரியில் இறந்தவர்களைப் பையில் சுற்றி நேராக மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். குளிப்பாட்டவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, பலருக்கு முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கக் கிடைக்கவில்லை. அப்புறம் துக்கம் கேட்கவும் ஆள் வரவில்லை, போனில் விசாரித்தார்கள். நம் பக்கத்துச் சாவு வீட்டில் பதினாறு நாளும் யாராவது வந்து உட்கார்ந்துகொண்டே இருப்பார்கள். "எப்படி ஆச்சு?" என்பார்கள். வீட்டுக்காரம்மா மறுபடி முதலிலிருந்து சொல்லி அழுவார். அப்படிப் பலரிடம் சொல்லி அழுத பிறகுதான் ஆள் போய்விட்டது மனதில் பதியும். உங்கள் அம்மாவுக்கு அது கிடைத்திருக்காது.

அதனால் இந்த வருடத் திதியை நன்றாகச் செய்யுங்கள். அன்று வர முடியாத அத்தை, சித்தப்பா, அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரையும் கூப்பிடுங்கள். சாப்பிட்டதும் கிளம்பிவிடாமல், அவரைப் பற்றிப் பேச வரச் சொல்லுங்கள். அம்மா எங்கும் போக வேண்டாம், அவர்கள் வரட்டும். கூட்டம் பயமென்றால் மொட்டை மாடியில் நாற்காலி போடுங்கள். மாஸ்க் போட்டுக்கொண்டால் கேலி பேசக் கூடாது என்று முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இந்த வயதில் கூட்டத்தில் மாஸ்க் போடுவது நல்லதும்கூட.

கழுவுவது பற்றி: 2020-ல் நாம் எல்லோருமே கழுவினோம். நான் செய்தித்தாளை வெயிலில் போட்டு எடுத்துத்தான் படித்தேன். மூடிய அறையில் பக்கத்தில் இருப்பவர்களின் மூச்சுக்காற்று வழியாகத்தான் கொரோனா அதிகம் பரவுகிறது, பாக்கெட்டைத் தொடுவதால் வருவது மிகக் குறைவு என்று பிறகுதான் தெளிவானது. உலக சுகாதார நிறுவனமும் 2023 மே 5 அன்று அவசரநிலை முடிந்ததாக அறிவித்துவிட்டது. இதை அம்மாவிடம் சொல்லுங்கள், சண்டைக்கு நடுவில் மட்டும் வேண்டாம். சொன்னாலும் அவர் நிறுத்தாமல் போகலாம். "யார் கொண்டுவந்தது, எதில் வந்தது?" என்ற கேள்வி அன்று எத்தனையோ குடும்பங்களை அரித்தது. நாம் இன்னும் கவனமாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரோ என்று அம்மா நினைக்கிறாரா? ஒருநாள் நிதானமாகக் கேளுங்கள். அவர் பேச ஆரம்பித்தால் குறுக்கே ஆறுதல் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

கோயிலுக்கு அவசரம் இல்லை. அவருக்கே தோன்றும்போது, விசேஷம் இல்லாத ஒரு காலையில் சாரங்கபாணி கோயில் வெளிப் பிராகாரம் வரை போய் வந்தால் போதும்.

கை வெடிக்கும் அளவுக்குக் கழுவினாலோ, தூக்கமோ சாப்பாடோ குறைந்தாலோ தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

கத்தியதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அந்த மே மாதம் நீங்களும் அப்பாவை இழந்தீர்கள், உங்களிடமும் யாரும் நேரில் வந்து விசாரிக்கவில்லை. திதியன்று சமையலை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு நீங்களும் எல்லோரோடும் உட்கார்ந்து பேசுங்கள்.